அம்மாவின் அறைக்கு எந்த ரோஸ்?

அம்மாவின் அறைக்கு ரோஸ் நிறம்தான் என்பதில் எங்கள் வீட்டில் மறுபேச்சே இல்லை. கேட்டது அம்மா. எத்தனையோ வருஷம் மற்றவர்கள் விருப்பப்படி அடித்த சுவர்களுக்கு நடுவில் இருந்துவிட்டவர், இந்த முறை தன் அறை தனக்குப் பிடித்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கண்ணை அடிக்கிற ரோஸ் வேண்டாம், வெளிறின ரோஸ், உட்கார்ந்து பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்க வேண்டும். அவருடைய நிபந்தனை அவ்வளவுதான். ஷேட் கார்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. அந்த இரண்டுக்கு நடுவில் முடிவெடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. அந்த நேரம் வீண் போகவில்லை என்று நினைப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால் ஒரே நிறம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் ஒன்று நீலத்தின் பக்கம் லேசாகச் சாய்வதும், இன்னொன்று மஞ்சளின் பக்கம் சாய்வதும் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அட்டையைச் சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் வைப்பது. வெளிர் நிறத்தைத் தனியாகப் பார்க்கும்போது ஒப்பிட எதுவும் இல்லாததால் கண் அதை வெறும் ரோஸ் என்று எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் வெள்ளை வந்ததும் அடியில் இருக்கும் சாயல் வெளியே வந்துவிடும். ஷேட் கார்டில் அதே வரிசையின் அடர்ந்த நிறத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. கீழே போகப் போக ஒரு வரிசை மெஜந்தாவில் போய் முடிந்தது, மற்றது செங்கல் நிறத்தில் முடிந்தது. மேலே இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தவற்றின் பூர்வீகம் கீழே தெரிந்துவிட்டது. இனி இந்தப் பதிவு முழுக்க ஒன்றை நீலச்சாயல் என்றும் மற்றதை மஞ்சள்சாயல் என்றும் சொல்கிறேன்.

அட்டையின் பின்பக்கம் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. முழுக் கறுப்புக்கு 0, குறையில்லாத வெள்ளைக்கு 100. எங்கள் இரண்டு ரோஸுக்கும் அந்த எண் 70-ஐ ஒட்டி, ஏறக்குறைய சமமாக இருந்தது. குழப்பத்துக்குக் காரணமே இதுதான். ஒன்று வெளுப்பாகவும் மற்றது அடர்த்தியாகவும் இருந்திருந்தால் ஒரு பார்வையில் முடிவு சொல்லியிருக்கலாம். வெளிச்சத்தில் சமமாக இருந்து சாயலில் மட்டும் மாறுபடும் இரண்டு நிறங்களை விளிம்போடு விளிம்பாக வைத்தால் நடுவில் இருக்கும் கோடே மங்கிப்போகும். கண் எல்லைகளைப் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான்.

பெயின்ட் கடைக்காரரிடம் இரண்டிலும் என்னென்ன கலக்கிறார்கள் என்று கேட்டேன். பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டுக்கும் பேஸ் ஒன்றுதான், டைட்டானியம் டை ஆக்ஸைடு நிறைந்த வெள்ளை. நீலச்சாயலுக்கு அதில் மெஜந்தா சொட்டுகள் விழுகின்றன. மஞ்சள்சாயலுக்குச் சிவப்பு அயர்ன் ஆக்ஸைடும் கொஞ்சம் மஞ்சள் ஆக்ஸைடும். டின் முழுக்க வெள்ளை, அதில் நிறமி மிகக் கொஞ்சம். வெளிர் நிறங்களில் அந்தக் கொஞ்சம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அடர் சிவப்பில் சில சொட்டுகள் கூடினாலும் தெரியாது. வெளிர் ரோஸில் தெரியும். அயர்ன் ஆக்ஸைடு என்பது மண்ணில் இருக்கும் காவியின் அதே வேதிப்பொருள், வெயிலில் வெளுக்காது. மெஜந்தா, கருஞ்சிவப்பு மாதிரியான கரிம நிறமிகளில் தரத்துக்குத் தரம் வித்தியாசம் உண்டு. குயினாக்ரிடோன் வகை நன்றாகத் தாங்கும், ஆனால் எந்த நிறமியும் வெள்ளையில் கரைத்து வெளிறச் செய்யச் செய்யத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறையும். வெயில் நேராக விழும் சுவருக்கு இது முக்கியம். அம்மாவின் அறையில் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் எதிர்ச்சுவரில் முழுசாக விழும். மஞ்சள்சாயலுக்கு என் மனசில் முதல் மதிப்பெண் அங்கே விழுந்தது.

ஆனால் அட்டையை வைத்து முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை. உள்ளங்கையில் அடங்கும் நிறம் சுவரில் அதே மாதிரி இருக்காது. நான்கு சுவரும் ஒரே நிறமாக இருக்கும்போது ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒவ்வொரு முறை சுவரில் படும்போதும் ரோஸ் நிறம் பச்சைக் கதிர்களைக் கொஞ்சம் விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்பும். அதனால் அறைக்குள் சுற்றும் வெளிச்சமே ரோஸாகிவிடும், நிறம் அட்டையில் இருந்ததைவிடக் கூடிவிடும். மூலைகளில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

இரண்டிலும் சின்ன டின் கலந்து வாங்கிவந்து பெரிய பலகைகளில் அடித்தேன். சுவரில் நேரடியாக அடித்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். பலகையை இடம் மாற்றலாம், ஒன்றை வைத்துவிட்டு மற்றதை வெளியே எடுத்துக்கொண்டு போகலாம். பழைய சுவரின் நிறமும் உள்ளே இருந்து எட்டிப் பார்க்காது. சுவருக்கு அடிப்பது போலவே பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பலகை செய்து, அவற்றை அறையின் மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தினால், சுவரும் சுவரும் சந்திக்கும் இடத்தில் நிறம் எப்படிக் கூடும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம் என்பேன். பலகையைத் தரையில் படுக்க வைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. தரைக்கு விழும் வெளிச்சம் வேறு, சுவருக்கு விழும் வெளிச்சம் வேறு.

ஈரமாக இருக்கும்போது எதையும் தீர்மானிக்கக் கூடாது. எமல்ஷனில் இருக்கும் பசை தண்ணீரோடு கலந்திருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும். தண்ணீர் வற்றியதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த பெயின்ட் ஈரத்தில் பார்த்ததைவிட ஒரு படி அடர்ந்துதான் இருக்கும். அம்மா ஈரப் பலகையைப் பார்த்து, "இது வெள்ளையாட்டம் இருக்கேடி" என்று முகம் சுளித்தார். ராத்திரி காய்ந்த பிறகு அதே பலகையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்.

அடுத்தது வெளிச்சம். கிழக்கு ஜன்னல் என்பதால் காலையில் தாழ்ந்த வெயில் மஞ்சளாக உள்ளே வரும். அந்த வெயிலில் இரண்டு பலகையுமே அழகு. நீலச்சாயல் சரியான ரோஸாக மலர்ந்தது, மஞ்சள்சாயல் கொஞ்சம் பீச் பழ நிறத்தின் பக்கம் போனது. காலையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் நான் நீலச்சாயலைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் அம்மா காலையில் அந்த அறையில் இருப்பதே இல்லை. எழுந்ததும் வெளியே வந்துவிடுவார். மதியம் படுக்க, மாலையில் படிக்க, ராத்திரி தூங்கத்தான் அறைக்குள் போவார். அந்த நேரங்களில் பலகைகள் என்ன சொல்கின்றன என்பதே எனக்கு வேண்டியிருந்தது.

மதியத்துக்குப் பிறகு சூரியன் வீட்டின் மறுபக்கம் போய்விடும். ஜன்னல் வழியாக வருவது வானத்திலிருந்து வரும் நீல வெளிச்சமும், வெளியே நிற்கும் மரத்தின் இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சமும்தான். ரோஸுக்குப் பச்சை நேர் எதிர். இரண்டும் கலந்தால் சாம்பல் பக்கம் போகும். அந்த வெளிச்சத்தில் நீலச்சாயல் பலகை களையிழந்து, சாம்பல் பூத்த ஊதாவாகிவிட்டது. மஞ்சள்சாயல் பீச்சைக் கைவிட்டு, அமைதியான, சுத்தமான ரோஸாக மாறி நின்றது. ஒரே சுவர், ஒரே ஜன்னல், காலையில் அழகாக இருந்தது மதியம் வாடியது, காலையில் கொஞ்சம் தூக்கலாக இருந்தது மதியம் சரியாக வந்தது. திசை தெரியாமல், வெளியே என்ன நிற்கிறது என்று பார்க்காமல், யாருக்கும் ஒரு ரோஸைச் சிபாரிசு செய்ய முடியாது என்று அன்றைக்கு உறுதியாகத் தோன்றியது.

சாயங்காலம் மட்டும் நீலச்சாயலின் பக்கம் பேசியது. அம்மாவுக்கு இருட்டத் தொடங்கும்போது விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது பழக்கம். அந்த மங்கலில் மஞ்சள்சாயல் வேகமாகக் கறுத்தது, நீலச்சாயல் இன்னும் கொஞ்ச நேரம் ஒளியோடு இருந்தது. இது என் கண் மயக்கமல்ல. வெளிச்சம் குறையும்போது கண்ணின் கூம்புச் செல்கள் ஓய்ந்து கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. பகலில் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீள ஒளியை ஒட்டி உச்சத்தில் இருக்கும், இருட்டில் அது 507-க்கு, அதாவது நீலத்தின் பக்கம் நகர்ந்துவிடும். சிவப்பு முதலில் அணையும், நீலம் கடைசியில் அணையும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் இதைக் கவனித்துச் சொன்னார். அந்திவேளையில் சிவப்புப் பூக்கள் கறுத்துப்போய், இலைகள் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான். இதைச் சொல்லி, "அந்த நேரத்துக்கு நீலம் கலந்ததுதான் நல்லா இருக்கும்மா" என்றேன். அம்மா யோசித்துவிட்டு, "அந்த நேரத்துல நான் எங்க சுவத்தைப் பாக்கறேன், ஜன்னலைத்தானே பாக்கறேன்" என்றார். அந்த ஒரு மதிப்பெண்ணும் அத்தோடு போனது.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயின்டுக்கு இவ்வளவு யோசிப்பவர்கள்கூட பல்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அறையில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், அது குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். அதன் கீழ் இரண்டு ரோஸும் உயிரில்லாமல் இருந்தன. 2700 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டதும் மஞ்சள்சாயல் முழு பீச்சாகி, ஆரஞ்சை எட்டிப் பார்த்தது. நடுவில் 4000 கெல்வினில்தான் அது ரோஸாக நின்றது. கெல்வின் எண் மட்டும் போதாது. பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருப்பார்கள். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. அதைக் கணக்கிட எடுப்பது எட்டு மங்கலான நிறங்களை மட்டும். அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது ஆர்9 என்ற தனி எண்ணாக இருக்கிறது. சிஆர்ஐ 80 என்று போட்ட எல்இடியில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். அப்படிப்பட்ட விளக்கில் சிவப்புச் சாயல் உள்ள எதுவும், சுவர் மட்டுமல்ல, மனிதர்களின் முகமும்கூட, சோகை பிடித்தது போலத் தெரியும். வயதானவர் இருக்கும் அறையில் அவர் முகம் நமக்குச் சரியாகத் தெரிய வேண்டாமா? சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 நல்ல எண்ணில் இருக்கும் 4000 கெல்வின் பல்புகளைத் தேடி வாங்கிப் போட்டோம். பெயின்டை முடிவு செய்வதற்கு முன்பே பல்பை மாற்றியது நல்லதாயிற்று.

இதற்கு நடுவில் வெளியூரில் இருக்கும் தம்பிக்குப் படம் அனுப்பினேன். "ரெண்டும் ஒண்ணுதான் அக்கா, எதையாவது அடி" என்றான். அவன்மேல் தப்பில்லை. செல்போன் கேமரா தானாகவே வெள்ளையைச் சமன் செய்துவிடும். சட்டத்துக்குள் பெரும்பாலும் ரோஸ் நிறைந்திருந்தால் அதையே விளக்கின் நிறம் என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடும். நான் பிரித்துப் பார்க்க முயன்ற அந்தச் சாயல் வித்தியாசத்தைத்தான் கேமரா முதலில் துடைத்துப்போட்டிருந்தது. இந்த விஷயத்தில் படத்தை நம்பி யாரும் யாருக்கும் யோசனை சொல்ல முடியாது.

முடிவைத் தந்தது இவை எதுவும் இல்லை. அம்மாவின் கண்.

சில மாதங்களுக்கு முன்புதான் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். இடது கண்ணுக்கு இனிமேல்தான். ஒரு மதியம் பலகைகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், கண்ணைக் கசக்குவதற்காக வலது கையை வலது கண்மேல் வைத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏண்டி, இந்தக் கண்ணால பாத்தா இது ஊதாவா இருக்கு. அந்தக் கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கும், புரை முற்றினால் பழுப்பாகவே ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த மஞ்சள் ஊதாவையும் நீலத்தையும்தான் முதலில் தடுக்கும். வருஷக்கணக்கில் மெல்ல நடப்பதால் மூளையும் அதற்கேற்பச் சரிசெய்துகொண்டு, வெள்ளையை வெள்ளை என்றே காட்டிக்கொண்டிருக்கும். குறைந்துபோனது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் லென்ஸை மாற்றினால், பழைய உலகமும் புதிய உலகமும் ஒரே முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஓவியர் மோனேக்கு 1912-இல் புரை இருப்பது தெரிந்தது. பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 1923-இல் வலது கண்ணுக்கு மட்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு நிறங்கள் மாறித் தெரிவதாக அவர் பட்ட அவஸ்தை எல்லோரும் அறிந்ததுதான். அதைப் படித்ததெல்லாம் வேறு. என் அம்மா கையால் கண்ணை மாற்றி மாற்றி மூடி ஒரு ரோஸ் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு.

செயற்கை லென்ஸ்களில் லேசாக மஞ்சள் ஏற்றியவையும் உண்டு. அம்மாவுக்கு வைத்தது நிறமில்லாத, தெளிவான வகை. அதனால் நீலம் தடையில்லாமல் உள்ளே போனது. நீலச்சாயல் பலகையில் இருந்த நீலத்தை அவர் இடது கண் தடுத்துக்கொண்டிருந்தது, வலது கண் அப்படியே காட்டிவிட்டது. மஞ்சள்சாயல் பலகையை இடது கண்ணால் பார்த்தால் கொஞ்சம் அழுக்கேறினது போல இருப்பதாகச் சொன்னார். வலது கண்ணால் பார்த்தபோது, "இதுதான் ரோஸு" என்றார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது தெளிவான கண் சொல்வதே மேலோங்கி நின்றது.

எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. என் லென்ஸும் மஞ்சளிக்கத் தொடங்கியிருக்கும். அப்படியானால் நான் பார்க்கும் ரோஸ் எது என்ற கேள்வி வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகளைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் பலகைகளுக்கு முன்னால் நிறுத்தினேன். பதினான்கு வயதுக் கண். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அத்தை, இது லாவண்டர். அது பிங்க்."

பாட்டியின் புதுக் கண்ணும் பேத்தியின் கண்ணும் ஒன்றையே சொன்னபோது எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இடது கண்ணுக்கும் சிகிச்சை முடிந்துவிட்டால் அம்மா இனி வாழப்போவது அந்த உலகத்தில்தான். புதுக் கண்ணுக்குத் தெரியும் அந்த நீலமும் நாளடைவில் மூளைக்குப் பழகிக் கொஞ்சம் தணியும் என்பது உண்மை. ஆனாலும் ஊதா பக்கம் போகும் சுவரை வைத்துவிட்டு, பழகிவிடும் என்று காத்திருக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. அறை யாருடையதோ அவருடைய கண்ணுக்குத்தான் நிறம். எனக்கு நீலச்சாயல்மேல் இருந்த ஆசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன்.

மஞ்சள்சாயல் என்று முடிவான பிறகும் சுற்றுப்புறத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய சுவர் வெளிர்பச்சை. பச்சையின் நடுவில் வைத்த ரோஸ் தன் அளவைவிடச் சிவந்து தெரியும். பச்சையையே பார்த்துக்கொண்டிருந்த கண், பிறகு எதைப் பார்த்தாலும் அதில் சிவப்பைக் கூட்டும். பாரிஸில் கோபெலின் நெசவாலையில் சாயப்பிரிவின் தலைவராக இருந்த ஷெவ்ரோல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலில் சாயம் சரியில்லை என்று புகார் வந்ததாம். அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை மங்கச் செய்தன. அதிலிருந்து தொடங்கி, ஒரு நிறம் அடுத்த நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும் என்பதற்கான விதிகளை 1839-இல் வெளியிட்டார். இது தெரிந்ததால் பலகைகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டுத்தான் பார்த்தேன். கூரைக்கும் இதே கவனம்தான். நீலம் பாய்ந்த பளீர் வெள்ளை அடித்தால் பக்கத்தில் இருக்கும் மஞ்சள்சாயல் ரோஸ் கறை படிந்தது போலத் தெரியும். அதனால் துளி மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பார்த்து எடுத்தோம். பீரோவின் மரநிறம் தானாகவே ஒத்துப்போனது.

ரோஸ் நிறம் மனசை அமைதிப்படுத்தும், அதனால்தான் அம்மா கேட்கிறார் என்று உறவினர் ஒருவர் சொன்னார். இந்தப் பேச்சுக்கு ஒரு கதை உண்டு. 1979-இல் அமெரிக்கக் கடற்படையின் தடுப்புக்காவல் நிலையம் ஒன்றில், அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளர் சொன்னபடி ஓர் அறைக்கு ரோஸ் அடித்தார்கள். ஒரு காலன் வெள்ளைக்கு ஒரு பைன்ட் சிவப்பு, அதாவது எட்டுக்கு ஒன்று. அங்கே பொறுப்பில் இருந்த இரண்டு அதிகாரிகளின் பெயரால் அதை பேக்கர்-மில்லர் பிங்க் என்றார்கள். கைதிகளின் ஆவேசம் அடங்கிவிட்டதாகச் செய்தி பரவியது. பின்னால் ஒழுங்காகக் கட்டுப்படுத்திச் செய்த ஆய்வில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. அது வேறு அடர்த்தி, வேறு நோக்கம். அம்மா ரோஸ் கேட்டது அவருக்கு ரோஸ் பிடிக்கும் என்பதால். அதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை.

ஃபினிஷ் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை, மேட்தான். பளபளப்பு கூடினால் ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திட்டுத்திட்டாக மின்னும், அந்த இடங்களில் நிறமே தெரியாது. பட்டி பார்த்த இடங்களின் மேடுபள்ளங்களும் எடுத்துக் காட்டும்.

பெயின்டர் அண்ணன் பழம் தின்று கொட்டை போட்டவர். கலந்து வந்த டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து அடிக்காமல், எல்லாவற்றையும் பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் ரோலரைத் தொட்டார். தனித்தனியாகக் கலந்த டின்களில் ஒரு சொட்டு முன்னேபின்னே இருந்தாலும் வெளிர் நிறத்தில் ஒரு சுவருக்கும் மறு சுவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும் என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே செய்ததில் நிம்மதி. பச்சையை மறைக்க வெள்ளை பிரைமர் இரண்டு கோட் போட்டார்.

இரண்டாவது கோட் காய்ந்த அன்று ராத்திரி, வெற்று அறையில் நிறம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. கட்டில், பீரோ, புத்தக அலமாரி எதுவும் இல்லாமல் நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று ரோஸை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. பலகைகளை மூலையில் நிறுத்திப் பார்த்திருந்ததால் எனக்குப் பதற்றம் வரவில்லை. சாமான்கள் உள்ளே வந்து சுவரில் பாதி மறைந்ததும் தணிந்துவிட்டது. மதியத்தில் நான் எதிர்பார்த்த அந்த ரோஸ் அப்படியே வந்திருக்கிறது. அம்மா படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நிறத்தின் எண், எந்த பேஸ், எந்த ஃபினிஷ், கலந்த தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மிச்சத்தைச் சின்ன டப்பாவில் விளிம்புவரை ஊற்றி மூடினோம். காற்று எவ்வளவு குறைவாக உள்ளே இருக்கிறதோ அவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்.

இனி திரைச்சீலை. அம்மா வெளிர்பச்சை கேட்கிறார். பச்சைத் துணி வழியாக வெளிச்சம் வந்தால் மதியத்தில் சுவர் இன்னும் சாம்பலாகும், துணியின் பக்கத்தில் சுவர் இன்னும் சிவந்தும் தெரியும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை யோசித்துச் சொல்ல முடியாது. அதனால் ஜன்னல் அளவுக்கு ஒரு துண்டுத் துணி மட்டும் வாங்கி வந்து தொங்கவிட்டு, மதியத்தில் அவரையே உட்கார வைத்துப் பார்க்கப்போகிறோம்.